கணினி ஆலோசனை உத்தியோகம்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நம்மவர் பலர் மலாயாவின் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகக் கப்பலேறினர். பின்னர், 1996இல் தோன்றிய வேர்ச்சூசா போன்ற நிறுவனங்கள் கொழும்பிலே கணினி ஆலோசனைத் தொழிலை வளர்த்தன. இன்றோ, நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் நல்லூரில் தம் வீட்டிலிருந்தவாறே அமெரிக்க வங்கியொன்றுக்கு அப்பணி புரிகின்றார்.

அவ்வேலை யாதென வினவினோம். பிறர் தொழிலிலுள்ள சிக்கலைக் கேட்டறிந்து, அதற்கேற்ற மென்பொருளை வகுத்துக் கொடுப்பதாம். உழைத்த மணிக்கணக்குப்படியே பெரும்பாலும் கட்டணமாம். வேனிற்காலத்தில் நியூயோர்க்கில் காலை 9 மணியாகும்போது இங்கே மாலை 6.30. ஆகவே, ஊர் அடங்கும் வேளையிலேதான் அவருடைய கலந்துரையாடல் தொடங்குகின்றது. தாயார் எடுத்துவைத்த பிட்டும் ஆறிவிடுகின்றது.

“புரோகிராம் எழுதுவது கஷ்டமில்லை, சேர், ஆட்களிடம் சரியான கேள்வி கேட்பதுதான் கஷ்டம்” என்றார். அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. நமது பரீட்சைகள் விடையெழுதவன்றோ பழக்குகின்றன!

மாணவர்களே, வினவப் பழகுங்கள். பெற்றோர்களே, கடல் கடவாமலே பிள்ளைகள் உழைக்க வழி பிறந்துள்ளது. ஆயினும் அவர்களது மாலைப்பொழுது கடல் கடந்துவிடுகின்றது. பகலுணவையாவது சேர்ந்து உண்ணுங்கள். வீட்டிலிருந்தும் விருந்தினராகிவிடுதல் ஆகாதன்றோ?