வடக்கே போகத் தெற்கே போன காலம்

பூமிசாத்திரப் படத்தை விரித்து வைத்து அதன்மேல் ஓர் அடிமட்டத்தை நிறுத்திப் பாருங்கள். எமது பலாலியும் சென்னை மீனம்பாக்கமும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் அமைந்திருத்தல் தெரியும். இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 360 கிலோமீற்றர். ஆயினும் பல்லாண்டு காலம் நாம் செய்தது யாது? இரவிரவாக 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மீண்டும் வடக்கு நோக்கி 650 கிலோமீற்றர் பறந்து சென்னை சேர்ந்தோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுவன்றோ!

முன்னாளில் இப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி ஓடுபாதையில், 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதற் பயண விமானமாகிய டக்கோட்டா இறங்கிற்று. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட அது, யாழ்ப்பாணத்தைத் தொட்டே சென்னைக்குச் சென்றது. பின்னர் போர் வந்து அவ்வழியை அடைத்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்று, அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. 2020இல் கொள்ளை நோயால் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் உயிர் பெற்றது.

இவ்வரலாற்றை நாம் ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் எமது அன்னையார். அவருக்கு அகவை எழுபத்தெட்டு. அவருடைய ஒரே தங்கை, எமது சின்னம்மா, 1990ஆம் ஆண்டில் வள்ளமேறி இராமேசுவரம் சென்றவர். அங்கே அகதியாகப் பதிவு பெற்று இன்று சென்னைப் புறநகரில் மகளுடன் வாழ்கின்றார். கடவுச்சீட்டு இல்லாத அவர் இங்கு வருதல் எளிதன்று. நாமே போதல் வேண்டும். “வருகிற வருடம் பார்ப்போம்” என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். சென்ற ஆண்டு சின்னம்மா நோயுற்றார் என்ற செய்தி வந்தது. இனி ஒத்திவைத்தல் தகாது எனத் துணிந்தோம்.

அன்னையார் ஒரு நிபந்தனை விதித்தார்.

“தம்பி, நல்லூர்த் தேருக்குப் போய் வந்தாலே எனக்குக் கால் உளையுது. விடிய விடிய பஸ்ஸிலை குந்தியிருந்து கட்டுநாயக்காவுக்கு என்னாலை வரேலாது. பலாலியாலை எண்டால் வாறன்.”

2023 ஒக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பலையும் எண்ணிப் பார்த்தோம். கடலில் சில மணி நேரமும், பின் நாகையிலிருந்து சென்னைக்கு நெடுந்தரைப் பயணமும் முதியவருக்கு ஏலா. ஆகவே பலாலியே முடிவாயிற்று.

அடுத்து, காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடல் நம்பத்தக்கதன்று. 2015 டிசெம்பர் வெள்ளத்திலும் 2023 டிசெம்பர்ப் புயலிலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. மாசி மாதத்தைத் தெரிந்தெடுத்தோம்.

பின்பு கடதாசி வேலை. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்கேனும் செல்லுபடியாக வேண்டும். விசாவுக்கு இணையவழியில் மூன்று வாரம் முன்னதாகவே விண்ணப்பித்தோம். பயணச்சீட்டு எடுக்கும்போது ஒரு சங்கடம். அடையாள அட்டையில் அன்னையாரின் பெயர் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. பயணச்சீட்டில் கடவுச்சீட்டின் எழுத்தே ஓரெழுத்தும் பிசகாமல் வருதல் வேண்டும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க. சக்கர நாற்காலி வேண்டுமென்பதையும் அப்போதே பதிவு செய்தோம்.

இவ்வழியில் ஓடுவது சுழலிகள் பூண்ட சிறு விமானம். பொதி விடயத்தில் தாராளம் காட்டாது. அன்னையார் தங்கைக்கெனப் பச்சைப் பனங்கிழங்குக் கட்டொன்றை எடுத்து வைத்திருந்தார். செடி, விதை, கிழங்கு முதலியன நாடு விட்டு நாடு செல்லச் சான்று வேண்டும் என்று நாம் எடுத்துரைத்தோம். முகம் சிறுத்தவர் ஒன்றும் பேசாது அடுக்களைக்குப் போய்விட்டார்.

விமானத்தில் இடப்புறச் சாளர ஆசனத்தை அவருக்குக் கேட்டுப் பெற்றிருந்தோம். வடக்கே போகையில் இந்தியக் கரை இடப்பக்கத்திலேதான் வரும். பலாலிச் செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் கீழே சாய்ந்து மறைந்தன. பாக்குநீரிணையின் நீலம் விரிந்தது. அன்னையார் மூன்றாவது தேவாரத்தை முணுமுணுத்து முடிக்குமுன் கோடிக்கரைப் பக்கம் மணற்கோடாய்த் தோன்றிற்று.

“இவ்வளவுதானோ கடல்?” என்றார். அவர் தங்கை ஓர் இரவு முழுவதும் குழந்தையை அணைத்தபடி அஞ்சி அஞ்சிக் கடந்த கடல் அது. நாம் மறுமொழி கூறவில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கம். கடிகாரத்தைத் திருத்த வேண்டிய தேவையும் இல்லை. இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே.

வெளிவாயிலில் சின்னம்மா கைத்தடியுடன் நின்றார். சகோதரிகள் இருவரும் சிறிது நேரம் ஒருவரையொருவர் அடையாளம் தேடினர். “அக்கா, நல்லா மெலிஞ்சு போனாய்” என்பதே முதற் சொல். அன்னையார் அழவில்லை, கைப்பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். உள்ளே இடித்தரித்த புழுக்கொடியல் மா, தேங்காய்ப்பூவும் சீனியும் கலந்தபடி.

“கிழங்கு கொண்டுவர இவன் விடேல்லை. முழுப் புழுக்கொடியல் கொண்டந்தாலும் உனக்கும் பல்லில்லை, எனக்கும் பல்லில்லை. அதுதான் இடிச்சுக்கொண்டு வந்தனான்.”

அதன் பின்னரே இருவரும் அழுதனர்.

நாம் திட்டமிட்டவை யாவும் ஒழுங்காகவே நிறைவேறின. ஒன்றில் மட்டும் தவறினோம்: புறப்படும் ஆண்டு. அக்கரையில் உறவுடைய அன்பர்கள், பொதியின் நிறையைக் கணக்கிடுமுன் காத்திருப்பவரின் வயதைக் கணக்கிடுவார்களாக.