மூன்று பந்துகளும் ஒரு பட்டப்பெயரும்

"அங்கிள், ஹாட்ரிக் எடுத்தா நிஜமாவே தொப்பி குடுப்பாங்களா?"

போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தபோது மூன்றாவது மாடிப் பையன் கேட்டான். எட்டாவது படிக்கிறான். கையில் டென்னிஸ் பந்து. முகம் மட்டும் பரீட்சையில் கோட்டைவிட்ட முகம்.

"ஒரு காலத்துல குடுத்தாங்கப்பா" என்றேன். 1858-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹெச்.ஹெச். ஸ்டீஃபன்சன் என்பவர் அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். கூட்டத்தில் காசு வசூல் செய்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தொப்பி இன்னும் கிரிக்கெட்டின் தலையில் இருக்கிறது.

பையன் சிரிக்கவில்லை. மெதுவாக விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அன்று காலை கார் பார்க்கிங்கில் நடந்த மேட்சில் கடைசி ஓவர் இவன் போட்டிருக்கிறான். வரிசையாக மூன்று சிக்ஸர். மேட்ச் போச்சு. நண்பர்கள் அவனுக்கு 'ஹோம் டெலிவரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீடு தேடி வந்து சிக்ஸர் கொடுக்கிறானாம்!

எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த விநாடி சுருக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஹாட்ரிக் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான். இருபது ஓவர் மேட்சில் ஒரு நல்ல பௌலர் இருபது பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த மூன்று பந்திலும் எடுக்க வேண்டுமென்றால், இருபது பெருக்கல் இருபது பெருக்கல் இருபது. எட்டாயிரத்தில் ஒரு வாய்ப்பு. நாலு ஓவரில் இருபத்துநாலு பந்து. ஹாட்ரிக் ஆரம்பிக்கக்கூடிய இடங்கள் இருபத்திரண்டு. ஆக, முந்நூற்று அறுபது மேட்சுக்கு ஒரு தடவை. இந்தியாவுக்காக நூறு மேட்ச் ஆடுவதற்கே கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

நிஜத்தில் இவ்வளவு மோசமில்லை. கடைசி ஓவர்களில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார்கள். கடைசி வரிசை ஆட்கள் வேறு மட்டையோடு வருவார்கள். அதனால்தான் பல ஹாட்ரிக்குகள் இன்னிங்ஸின் வாலில் நடக்கின்றன. விதிவிலக்கும் உண்டு. 2003 உலகக் கோப்பையில் பங்களாதேஷுக்கு எதிராக சமிந்த வாஸ், மேட்சின் முதல் மூன்று பந்துகளிலேயே மூன்று பேரை அனுப்பினார். காப்பி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் எதையும் பார்த்திருக்க முடியாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அனில் கும்ப்ளே சர்வதேசப் போட்டிகளில் எடுத்த விக்கெட்டுகள் 956. முத்தையா முரளிதரன் 1347. இரண்டு பேருமே சர்வதேச ஆட்டத்தில் ஒரு ஹாட்ரிக்கூட எடுத்ததில்லை. ஆக, ஹாட்ரிக் எடுத்தவர்தான் பெரிய பௌலர் என்று சொல்ல முடியாது. திறமை வேண்டும்தான். அதற்கு மேல் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். மூன்று பந்து ஒருவருக்குக் கைகொடுக்கிறது. அதே மாதிரி ஒரே ஒரு பந்து ஒருவரைக் கவிழ்த்தும் விடுகிறது.

அந்த ஒரு பந்து எதுவென்று நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். 1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை, ஷார்ஜா. ஆஸ்ட்ரல்-ஏஷியா கோப்பை ஃபைனல். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நாலு ரன் வேண்டும். கையில் ஒரே விக்கெட். யார்க்கர் போட நினைத்தார் சேத்தன் சர்மா. பந்து ஃபுல்டாஸாகப் போய் விழுந்தது. மியாண்டட் தூக்கி அடித்த அந்த சிக்ஸர், இன்னும் எங்கோ பறந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. சேத்தனுக்கு அப்போது இருபது வயது.

எங்கள் தெரு அன்று ராத்திரி துக்க வீடு மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் கோடை விடுமுறை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் பெட் மேட்ச். கார்க் பால். தோற்றவர்கள் பந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். எங்கள் அணியில் வேகப்பந்து என்றால் என் பெரியப்பா மகன்தான். எனக்கு அண்ணன். ப்ளஸ் டூ முடித்திருந்தான். நல்ல உயரம். ஓடி வரும்போது அவன் செருப்பில்லாத கால் தரையில் பதிகிற சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்கோர் எழுதுகிற வேலை கொடுத்திருந்தார்கள்.

கடைசிப் பந்து. மூன்று ரன் வேண்டும். அண்ணன் ஓடி வந்தான். கால் லேசாக வழுக்கியது. இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபுல்டாஸ். பந்து மதிலைத் தாண்டி, அடுத்த வீட்டு மாமரத்தையும் தாண்டிப் போயிற்று.

ஒரு விநாடி எல்லோரும் வாயடைத்து நின்றோம். அந்த அமைதியில் ஒரு குரல்: "டேய்... சேத்தன் சர்மாடா!"

கொல்லென்று சிரிப்பு. தோற்றவர்கள், ஜெயித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து. அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மளிகைக் கடையில் சேத்தன். டியூஷனில் சேத்தன். ஒரு மாதத்தில் பெரியம்மாவே, "டேய் சேத்தா, சாப்பிட வாடா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அதனால் யாருக்கும் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. என் ஸ்கோர் நோட்டில், பௌலிங் பக்கத்தில் அவன் பெயர் வருவது நின்றுபோயிற்று. "தோள் வலிடா" என்றான். அம்பயராக நின்றான். விக்கெட் கீப்பிங் செய்தான். பந்தை மட்டும் கையில் வாங்கவே இல்லை. மற்றவர்கள் இதைக் கவனிக்கவில்லை. நோட்டை வைத்திருந்தவன் நான்தானே?

நிஜ சேத்தன் என்ன ஆனார்? அந்த சிக்ஸர் அடித்த மூன்று மாதத்துக்குள் இங்கிலாந்துக்குப் போய், பர்மிங்ஹாம் டெஸ்ட்டில் பத்து விக்கெட் எடுத்தார். அந்தத் தொடரை இந்தியா 2-0 என்று ஜெயித்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கிறது?

பிறகு 1987 அக்டோபர் 31, சனிக்கிழமை. நாக்பூர். உலகக் கோப்பையில் நியூசிலாந்துடன் மேட்ச். மாடி வீட்டுக் கூடத்தில், பிளாக் அண்ட் ஒயிட் டி.வி. முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

சேத்தன் சர்மா பந்தோடு வந்தார். கென் ரூதர்ஃபோர்ட், போல்டு. இயன் ஸ்மித், போல்டு. கடைசியாக வந்தவர் எவன் சாட்ஃபீல்டு. அவரும் போல்டு! மூன்று பேருக்கும் ஸ்டம்ப் பறந்தது. ஃபீல்டர், அம்பயர், யார் தயவும் தேவைப்படவில்லை. உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதல் ஹாட்ரிக். ஒருநாள் போட்டியில் ஓர் இந்தியரின் முதல் ஹாட்ரிக்கும் அதுதான்.

கூடமே எழுந்து குதித்தது. ஒருத்தர் தவறாமல் எல்லோரும் திரும்பி அண்ணனைப் பார்த்தோம். அவன் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னான்: "பாவம்டா... ஒன்றரை வருஷம் சரியாத் தூங்கியிருக்க மாட்டான்."

அன்று கவாஸ்கர் சதம் அடித்தார். ஒருநாள் போட்டிகளில் அவர் அடித்த ஒரே சதம். மறுநாள் ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. பாருங்கள், உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் எடுத்த அன்றைக்குக்கூட அந்த மனுஷனுக்கு முழுசாக ஒரு நாள் கிடைக்கவில்லை.

ஆனால் எங்கள் தெருவில் ஒன்று நடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மேட்சில் அண்ணன் தானாகவே வந்து கையை நீட்டினான். "பாலைக் குடு."

இந்த இடத்தில் அவனும் ஹாட்ரிக் எடுத்தான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். எடுக்கவில்லை. நாலு ஓவர், 31 ரன், விக்கெட் கிடையாது. என் கையால் நானே எழுதினேன். ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பக்கத்தில் அவன் பெயரை எழுதியது, எனக்கு ஹாட்ரிக்கைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஹாட்ரிக் பார்த்துவிட்டோம். 2007 உலகக் கோப்பையில், கயானாவில், தென்னாப்பிரிக்காவுக்கு ஜெயிக்க நாலே ரன் வேண்டும், கையில் ஐந்து விக்கெட். லசித் மலிங்கா வந்தார். பொல்லாக், ஹால். நடுவில் இன்னொருவர் ஒரு ஓவர் போட்டார். திரும்பி வந்து காலிஸ், என்டினி. நாலு பந்தில் நாலு விக்கெட்! ஆனாலும் ஒரு விக்கெட் வித்தியாசத்தில் இலங்கை தோற்றது. 2024-ல் இருபது ஓவர் உலகக் கோப்பையில் பேட் கம்மின்ஸ் அடுத்தடுத்த இரண்டு மேட்சில் ஹாட்ரிக் எடுத்தார். முதல் ஹாட்ரிக் எடுத்தபோது அது ஹாட்ரிக் என்பதே அவருக்குத் தெரியாதாம். இரண்டாவது எடுத்த அன்று ஆஸ்திரேலியா ஆஃப்கானிஸ்தானிடம் தோற்றது. ஹாட்ரிக் எடுத்தால் மேட்சையும் ஜெயிக்கலாம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

2019-ல் தீபக் சாஹர் பங்களாதேஷுக்கு எதிராக ஏழு ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார், ஹாட்ரிக்கோடு. இடம்? அதே நாக்பூர்! மைதானம்தான் வேறு. நம்ம சென்னை சூப்பர் கிங்ஸுக்கு அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் என்பதால் இங்கேயும் பட்டாசு. இருபது ஓவர் போட்டியில் ஹாட்ரிக் எடுத்த முதல் இந்தியர் என்று ஆளாளுக்குக் கொண்டாடினார்கள். தப்பு. ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே, 2012-ல், இலங்கைக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் அல்மோராவைச் சேர்ந்த ஏக்தா பிஷ்ட் அதை எடுத்துவிட்டார். சாஹர் முதல் இந்திய ஆண், அவ்வளவுதான். பெயரை மறப்பதிலும் நாம் கெட்டிக்காரர்கள்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இன்னொன்று. அதே 2019 செப்டம்பரில் பல்லேகலவில், முப்பத்தாறு வயது மலிங்கா நியூசிலாந்துக்கு எதிராக மறுபடியும் நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார். அதில் இரண்டாவதாக, முதல் பந்திலேயே அவுட் ஆனவர் ஹேமிஷ் ரூதர்ஃபோர்ட். நாக்பூரில் சேத்தன் சர்மாவின் முதல் பலியான கென் ரூதர்ஃபோர்டின் மகன்! நாக்பூர் மேட்ச் நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஆனால் இன்றும் சேத்தன் சர்மா என்றால் பத்தில் எட்டுப் பேர், "ஓ, மியாண்டட் சிக்ஸரா?" என்கிறார்கள்.

மூன்றாவது மாடிப் பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது லிஃப்ட் நாலு தடவை வந்து போய்விட்டது.

"உங்க அண்ணனுக்கு அந்தப் பேரை வெச்சது யாரு அங்கிள்?" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. சுருக்கென்றது என்றேனே, இதனால்தான். அந்த அமைதியில் கேட்ட குரல் என்னுடையது. எல்லோரும் சிரித்தபோது, அந்தப் பெரிய பையன்களுக்கு நடுவில் முதல் தடவையாக எனக்கு ஒரு மதிப்புக் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த ஆசையில், யார் வைத்த பெயர் என்பதை அப்புறம் நானே பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அண்ணனிடம் தவிர.

அன்று ராத்திரி கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அண்ணன் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் பேசி முடித்த பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அண்ணா, அந்த சேத்தன்ங்கிற பேரு... நான்தான்..."

"தெரியும்டா" என்றான். "ஸ்கோர் நோட்டு பக்கத்துலேர்ந்துதானே சத்தம் வந்தது? குரல் தெரியாதா எனக்கு?"

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேட்டிருப்பேன். அந்த நாக்பூர் மேட்சுக்கு முன்னாடி நீ வந்து சொல்லியிருந்தா நாலு அறையும் விட்டிருப்பேன். அதுக்கு அப்புறம் அந்தப் பேரு எனக்குப் பிடிச்சுப்போச்சுடா. ஹாட்ரிக் எடுத்தவன் பேராச்சே!"

சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு சேத்தன் இருந்திருப்பார். ஒரே ஒரு நாள் சறுக்கியதற்காக நாம் வைத்த பெயரோடு, கூடவே சிரித்துக்கொண்டு திரிந்தவர். அவருக்கெல்லாம் ஒரு நாக்பூர் வாய்த்ததா என்று நமக்குத் தெரியாது. அவருடைய நம்பர் உங்களிடம் இருந்தால், இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது மாடிப் பையன் நேற்று சாயங்காலம் பார்க்கிங்கில் பந்து போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வைடு, ஒரு சிக்ஸர். பந்தைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி ஓடி வந்தான்.