யார் பெயரில் அத்தொகை

இங்கிலாந்தில் பராமரிப்பாளர் உதவித்தொகை வாரம் 35 மணி நேரமேனும் பராமரிப்பவருக்கே உரியதென்பதும், ஒருவரைப் பராமரிப்பதற்காக இருவர் அதைப் பெறலாகாதென்பதும் விதியாயிருக்க, எங்கள் மகனை இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பவளும், புரையேறாதிருக்கக் கஞ்சியைக் கெட்டியாக்கி அரைக்கரண்டி அரைக்கரண்டியாக ஊட்டுபவளும் நானே என்றாலும், பிரிந்து சென்று ஏழு மாதங்களான என் கணவர் பெயரிலேயே பணம் வந்துகொண்டிருந்தது. 1976இல் தொடங்கிய இவ்வுதவி விவாகமான ஸ்திரீகளுக்கு மறுக்கப்பட்டு, ஜாக்குலின் டிரேக் என்ற மாதரசியின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றபின் 1986இல்தான் (பத்து வருஷங்கள்!) கிட்டியதென்பதை நினைத்தவாறே, நேற்று உண்மை நிலைமையை எழுதி, என் பெயரில் விண்ணப்பித்தேன். கையொப்பமிடுகையில் விரல் நடுங்கிற்று, மகன் உறங்கிக்கொண்டிருந்தான்.