தோற்றாலும் நட்டமில்லாத ஆட்டம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு முழுதும் படித்த மாணவனுக்கு ஆண்டின் முடிவில் தேர்வு வருவதைப் போல, ஆண்டு முழுதும் ஆடிய டென்னிஸ் வீரனுக்கும் ஒரு தேர்வு வருகிறது. ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் சூடுபிடிக்கும் ஆட்டக் காலம், பாரிசின் களிமண் தரை, விம்பிள்டனின் புல்தரை, நியூயார்க்கின் கடினத் தரை என்று ஊர் ஊராகச் சுற்றி நவம்பரில் ஓய்கிறது. அவ்வாண்டில் மிகுதியான புள்ளிகளைச் சேர்த்த எட்டுப் பேரே கடைசிப் போட்டியில் ஆடுவார்கள். 1970இல் டோக்கியோவில் தொடங்கிய இப்போட்டி பல நகரங்களைக் கண்டு, 2021 முதல் இத்தாலியின் டூரின் நகரில் நடைபெற்று வருகிறது.

மற்றப் போட்டிகளில் ஒருமுறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இங்கே அப்படியில்லை. நான்கு நான்கு பேராக இரண்டு பிரிவுகள். ஒவ்வொருவரும் தம் பிரிவின் மற்ற மூவருடனும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பெறுவோர் அரையிறுதிக்குச் செல்வர். ஆக, இன்று தோற்றவனுக்கும் நாளை என்று ஒன்று உண்டு. இந்த ஒரு விதிக்காகவே நான் இப்போட்டியை நேசிக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். டென்னிஸ் மட்டையை இதுவரை கையால் தொட்டதில்லை. பள்ளி நூலகத்து நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பிறந்து, கைபேசியில் வளர்ந்த பித்து இது. ஒருநாள் நான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, செங்கல் சூளை வேலை முடிந்து வந்த அப்பா எட்டிப் பார்த்து, "இவன் முந்தாநாள் தோத்தவன்தானே? மறுபடி ஏன்டா ஆட விடுறாங்க?" என்று கேட்டார். விதியை விளக்கினேன். "அப்படின்னா நல்ல போட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அப்பா ஒரு வகுப்பில் ஒருமுறை தோற்று, அத்தோடு பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டவர்.

2023ஆம் ஆண்டுப் போட்டியை நண்பர்கள் பலர் அறிந்திருக்கலாம். இத்தாலியின் யானிக் சின்னரும், செர்பியாவின் ஜோகோவிச்சும், டென்மார்க்கின் ரூனும் ஒரே பிரிவு. சொந்த நாட்டு மக்களின் ஆரவாரத்துக்கிடையே சின்னர் ஜோகோவிச்சை 7–5, 6–7, 7–6 என்று வீழ்த்தினார். பின்னர் பிரிவின் கடைசி நாள் வந்தது. அன்று போலந்தின் ஹுர்காஸை ஜோகோவிச் வென்றார். ஆனால் ஒரு செட்டை இழந்துவிட்டார். அந்த ஒரு செட்டின் கணக்கால், சின்னருக்கு ஆடாமலே அரையிறுதி உறுதியாகிவிட்டது.

மிச்சமிருந்தது ரூனுடன் ஓர் ஆட்டம். அதில் சின்னர் தோற்றால் அவருக்கு நட்டமில்லை. ரூன் அரையிறுதிக்கு வருவார். உலகின் முதல்நிலை வீரரான ஜோகோவிச் ஊருக்குக் கிளம்புவார். வென்றாலோ ஜோகோவிச் உயிர்த்தெழுவார். சின்னர் என்ன செய்தார்? மூன்று செட்கள் போராடி 6–2, 5–7, 6–4 என்று வென்றார்!

முடிவு என்னவாயிற்று? நவம்பர் 19. அன்று மாலைதான் அகமதாபாத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றிருந்தது. எங்கள் தெருவே வாயடைத்துக் கிடக்க, நான் மட்டும் இரவு பத்தரை மணிக்குக் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். இறுதியாட்டத்தில் ஜோகோவிச் 6–3, 6–3 என்று சின்னரை வென்று, ஏழாம் முறையாகப் பட்டம் பெற்றார். ஒரே நாளில் எனக்கு இரண்டு இழவு!

2025 நவம்பரில் சின்னர் அல்காரஸை வென்ற இறுதியாட்டத்தை விடுதியில் பார்த்தபோது இந்தப் பழைய கதை மீண்டும் கிளம்பியது. "உன் சின்னர் அன்னிக்கு ஒரு ஏமாளி" என்றான் அறைத் தோழன். "லீக்கில் ஒரு வெற்றிக்கு 200 புள்ளி, பணமும் உண்டு, அதற்காகத்தான் ஆடினான்" என்றான் இன்னொருவன். புள்ளியும் பணமும் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பட்டத்துக்குக் குறுக்கே நின்ற ஆளை வெளியேற்ற, சும்மா இருந்தாலே போதும் என்ற நிலை அது. ஆறே நாளில், டேவிஸ் கோப்பை அரையிறுதியில், ஜோகோவிச்சுக்கு வெற்றிக்கு ஒரே புள்ளி தேவை என்ற நிலையை மூன்று முறை முறியடித்து சின்னர் வென்றதையும், 1976க்குப் பின் இத்தாலி அக்கோப்பையை அடைந்ததையும் சொல்லி நான் வாதாடியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெற்றி வராமலே போயிருந்தாலும் ரூனுடன் ஆடிய ஆட்டம் சரியானதே என்பது என் எண்ணம்.

ஏனென்றால், தோற்றவனுக்கு மறுவாய்ப்பு உண்டு என்று விதிப்புத்தகத்தில் எழுதிவிடலாம். அதற்கு உயிர் கொடுப்பது, தனக்கு ஆதாயம் இல்லாத இடத்திலும் நேராக ஆடும் இன்னொரு மனிதன். பள்ளிகளிலும் மறுதேர்வு விதி உண்டு. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "வா, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்ல அன்று ஓர் ஆள்தான் இல்லை.

எங்கள் வகுப்பில் முதலிடத்துக்கு என்னோடு போட்டியிடும் நண்பன் ஒருவன், வீட்டில் ஏற்பட்ட நோயினால் மூன்று வாரம் கல்லூரிக்கு வரவில்லை. தேர்வுக்கு முன்பு என் குறிப்பேட்டைக் கேட்டு வந்தான். கொடுத்தேன், ஒளியியல் கணக்குகளை இரண்டு இரவு உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தேன். அறைத் தோழன் அந்த ஏமாளிப் பட்டத்தை எனக்கும் சூட்டினான். தேர்வு முடிவு இதை எழுதும் நாள்வரை வரவில்லை. அவன் என்னை முந்தினால் எனக்கு வருத்தமே இராது என்று பொய் சொல்லமாட்டேன், இருக்கும்.

ஆனால் நண்பர்களே, நம்மில் பலர் முதல் தலைமுறையாக இந்த வகுப்புகளில் வந்து உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து இருக்கை காலியானால் நம் இடம் உயரும் என்று கணக்குப் போடத் தொடங்கினால், இந்தக் கல்லூரியில் எத்தனை இருக்கைகள் மிஞ்சும்?