இரண்டு பற்றுச்சீட்டுகள்

காரைச் சேர்விஸ் செய்யக் கம்பனி முகவரிடம் கொண்டுபோவதா, ஊர்க் கராஜுக்குக் கொண்டுபோவதா என்ற கேள்வி, கொக்குவிலில் கார் வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்தாரின் நிரந்தர விவாதங்களுள் ஒன்று. எங்கள் ஆசிரியர் அறையில் இப்பேச்சு எழுந்தால் மணி அடித்த பிறகும் ஓயாது. பேசுவோர் அனைவரும் இரண்டு தொகைகளை அருகருகே வைத்து, எது குறைவென்று கண்டு, அத்தோடு விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். அத்தொகைகள் எவ்வாறு உருவாயின என்று கேட்போர் அரிது. மாதச் சம்பளத்தில் வாழும் எனக்கு முதற் கேள்வியின் அவசரம் விளங்காமலில்லை. ஆயினும், இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

என்னிடமிருப்பது ஒரு பழைய ஜப்பானிய ஹைபிரிட் கார். பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வகை. இவ்வகைக் கார்களின் பெரிய பற்றறி ஒரே பொருளன்று, பல சிறு பெட்டிகளின் தொடர். உதாரணமாக, இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் 7.2 வோல்ற் அளவுள்ள 28 பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 201.6 வோல்ற் தருகின்றன. தொடரில் ஒரு பெட்டி நலிந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

என் காரில் அவ்விளக்கு எரிந்தபோது முதலில் முகவர் நிலையத்துக்கே சென்றேன். குளிரூட்டிய அறையில் காத்திருந்தேன். கணினி குறையை வாசித்தது. முழுப் பற்றறியையும் மாற்ற வேண்டுமென்று மதிப்பீட்டுத் தாள் வந்தது. அத்தாளை நான் குறைசொல்ல மாட்டேன். பொருளுக்கு ஒரு வரி, மணிக்கணக்கில் வேலைக்கு ஒரு வரி, உத்தரவாதக் காலத்துக்கு ஒரு வரி என எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. எந்தத் தரத்து ஒயில், எந்த ஆணியை எவ்வளவு விசையில் முறுக்குவது என்பவற்றில் தயாரிப்பாளர் விதித்ததை அங்கே மீறமாட்டார்கள். ஆனால் அத்தொகை எனது பல மாதச் சம்பளம். காரைத் திறந்து பார்த்த தொழிலாளியின் முகத்தையும் நான் கடைசிவரை காணவில்லை.

பின்னர், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் தகரக் கூரையின் கீழ் நடக்கும் கராஜுக்குப் போனேன். அதன் சொந்தக்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்ரர், முழுப் பற்றறியும் போகேல்லை. இரண்டு பெட்டிதான் செத்திட்டுது. மிச்சம் ஓடும். எவ்வளவு காலம் எண்டு மட்டும் என்னைக் கேளாதேங்கோ.” வேறொரு காரிலிருந்து கழற்றிய இரண்டு பெட்டிகள் மாற்றப்பட்டன. அப்பியாசக் கொப்பித் தாளொன்றில் இரண்டே வரிகளில் கணக்கு முடிந்தது. முகவர் கேட்டதில் கால்வாசிகூட இல்லை.

இருவரில் யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரியே. ஒன்றாகப் பிறந்த பெட்டிகள் ஏறக்குறைய ஒன்றாகவே முதுமையடைகின்றன. இரண்டை மாற்றினால் மூன்றாவது விரைவில் விழலாம். அந்த அபாயத்துக்கு முகவர் முன்கூட்டியே விலை வைக்கிறார். கராஜ்காரரோ அதை என்னோடு பகிர்ந்துகொள்கிறார். அடுத்த ஆண்டு இன்னொரு பெட்டி விழுந்தபோது அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். இதை நற்பண்பென்று புகழ்ந்துவிட்டு வீடு போவது எளிது. அன்றைய கூலியை உண்மையில் யார் கொடுத்தார்கள்? அவரும், அவரிடம் தொழில் பழகும் பையனும்.

இத்தொழிலறிவு எங்களூருக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் வர முடியவில்லை. முகவரென்று எவருமில்லை. ஒஸ்ரின் ஏ-40 காரும், 1971இலேயே இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை உயிர்ப்பிக்கச் சில துளி பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்குகளில் கரி படியும். இவற்றையெல்லாம் எந்தக் கம்பனிக் கைநூலும் எங்கள் மெக்கானிக்குகளுக்குக் கற்பிக்கவில்லை. என் கராஜ்காரர் அந்நாட்களில் தகப்பனாருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்த சிறுவன்.

அந்தப் பழைய எஞ்சினைக் கண்ணாலும் காதாலும் அறிய முடிந்தது. இன்றைய கார் தன் நோயைக் குறியீடுகளில் சொல்கிறது. குறியீட்டின் திறவுகோல் கம்பனியிடம் இருக்கிறது. இது உலகெங்குமுள்ள வழக்கு. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்தே, திருத்துவதற்கான தகவலைச் சுயாதீன கராஜுகளுக்கும் கொடுக்க வேண்டுமென்ற விதியை நிலைநாட்டினார்கள். உதிரிப்பாகங்களையும் தொழில்நுட்பத் தகவலையும் வெளிக் கராஜுகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணைக்குழு 2014 ஆகஸ்டில் பதினான்கு கார்க் கம்பனிகள்மீது 2,544 கோடி ரூபா தண்டம் விதித்தது. கம்பனிகள் மேன்முறையீட்டுக்குப் போயின. எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டும் பழைய கார்களை வீதியில் வைத்திருந்ததில் தகரக் கூரைகளின் பங்கு எவ்வளவென்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இதனால் கராஜைக் கோயிலாக்க நான் விரும்பவில்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் எட்டு வீதத்தோடு முதலாளி பன்னிரண்டு வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தப் பையனுக்குச் சம்பளமே இல்லை. சாப்பாடும் பஸ் காசுந்தான். இருநூறு வோல்ற் மின்சாரத்தின் அருகே அவன் வெறுங்கையோடு வேலை செய்கிறான். முகவர் நிலையத்தில் இறப்பர்க் கையுறை கட்டாயம். கழித்த ஒயில் வேலியோரத்து மண்ணில் ஊற்றப்படுகிறது. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நீதிமன்றம்வரை போனதை நாம் அறிவோம். ஆக, கொப்பித் தாளில் இருந்த தொகை குறைவாயிருந்ததற்கு அவரது திறமை ஒரு காரணம். பையனின் கூலியும் கையுறையும் கிணற்றுத் தண்ணீரும் கணக்கில் சேராதது மற்றொன்று. முகவரின் தாளிலோ கண்ணாடியறையும் கம்பனியின் பூட்டிவைத்த அறிவுக்கான வாடகையும் சேர்ந்திருந்தன.

சென்ற முறை போனபோது, கூலியை ஒழுங்காக எழுதச் சொன்னேன். பையனுக்கென ஒரு வரியும் போடச் சொன்னேன். “கூட்டிக் கேட்டால் சனம் வராது மாஸ்ரர்” என்றார். நான் விடவில்லை. தலையைச் சொறிந்தபடி ஒரு தொகை எழுதினார், அதைக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் கையில் கையுறை இருந்தது. கழித்த ஒயிலுக்கு ஒரு பீப்பா வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், இன்னும் வைக்கவில்லை. பையன் ஆங்கிலத்திலுள்ள திருத்தக் கைநூலொன்றைத் தொலைபேசியில் இறக்கி வைத்திருக்கிறான். சனிக்கிழமை பின்னேரங்களில் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறான். நான் வாக்கியத்துக்குப் பொருள் சொல்கிறேன். அது காரில் எங்கே இருக்கிறதென்று அவன் எனக்குச் சொல்கிறான். பிறேக் அத்தியாயம் முடிந்துவிட்டது. இப்போது பற்றறிக்கு வந்திருக்கிறோம்.