செக்கும் கொல்லையும்

இலுப்பூர்க்காரன் என்று சொன்னால் போதும். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். சர்க்கரை ஆலை இல்லாவிட்டால் என்ன, எங்கள் வீட்டில் செக்கு இருந்தது! கடலைக் கொல்லையும் இருந்தது. கடலை விலை ஏறிய வருஷம் கொல்லை சம்பாதிக்கும். விலை விழுந்த வருஷம் செக்கு சம்பாதிக்கும். இரண்டு வரும்படியும் ஒரே பெட்டியில் விழுந்ததால், எதை எது காப்பாற்றுகிறது என்று தாத்தா கணக்குப் பார்த்ததே இல்லை.

அவர் காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். பெரியப்பாவுக்குக் கொல்லை, அப்பாவுக்குச் செக்கு. "மண்ணை விட்டுவிட்டு மரத்தை வாங்கிக்கொண்டானே!" என்று ஊர் அப்பாவுக்காக இரங்கியது.

அந்த வருஷம் கடலை பறித்ததும் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பெரியப்பா அன்பாகத்தான் வரவேற்றார், காபி வந்தது. பிறகு தராசும் வந்தது.

"கணக்கு கணக்கா இருக்கணும் தம்பி."

"ஆமாண்ணே."

இருவர் மேலும் குற்றமில்லை. ஆனால் அந்தக் களத்திலிருந்து எங்கள் செக்குக்குக் கடலை நிறுத்துப் போனது அன்றுதான் முதல் தடவை. வீடு வரும்வரை அப்பா பேசவில்லை.

எண்ணெய்க் கம்பெனிகள் பாகம் பிரிக்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தராசு நினைவு வரும். அங்கேயும் இதே கதைதான். கச்சா எண்ணெய் விலை ஏறினால் கிணற்றுக்கு லாபம், சுத்திகரிப்பு ஆலைக்குச் செலவு. இறங்கினால் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். 2011 ஜூலையில் அமெரிக்காவின் மாரத்தான் ஆயில் கிணறுகளை வைத்துக்கொண்டு, ஆலைகளை மாரத்தான் பெட்ரோலியம் என்று தனிக்குடித்தனம் அனுப்பியது. இரண்டு பங்கு வைத்திருந்தவருக்குப் புதுக் கம்பெனியில் ஒரு பங்கு. அடுத்த வருஷமே கோனோகோபிலிப்ஸும் அவ்வாறே பிலிப்ஸ் 66 என்ற கம்பெனியைப் பிரித்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செக்கைப் பெற்ற மாரத்தான் பெட்ரோலியம் அந்த நாட்டின் மிகப் பெரிய சுத்திகரிப்புக் கம்பெனியாக வளர்ந்தது. கொல்லையை வைத்துக்கொண்ட மாரத்தான் ஆயிலை 2024-இல் கோனோகோபிலிப்ஸ் வாங்கிவிட்டது. பாகம் பிரிக்கும் நாளில் எது பெரிய பங்கு என்று யாரால் சொல்ல முடியும்?

நம் நாட்டில் ரிலையன்ஸும் 2021 பிப்ரவரியில், சுத்திகரிப்பையும் ரசாயனத் தொழிலையும் தனிக் கம்பெனியாக்கும் திட்டத்தை விவரமாக வெளியிட்டது. சவுதி அராம்கோவுக்கு அதில் 20 சதவிகிதம் கொடுப்பதாகப் பேச்சு. நவம்பரில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். ஜாம்நகரில் ஆலை இருக்கும் இடத்திலேயே சூரிய சக்தி போன்ற புதிய தொழில்களும் வரவிருந்தன. ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதைப் பிரிப்பானேன் என்று தோன்றியிருக்க வேண்டும்.

லாபக் கணக்கு பார்த்துத்தான் நிறுத்தியிருப்பார்கள், பாசத்தால் அல்ல. ஆனாலும் அந்தச் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், சற்றுப் பொறுத்துச் சொன்னார்:

"தராசை எடுக்கறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க."