கேட்டு வாங்காத கல்

பச்சைக்கல் என்றால் எங்கள் வீட்டில் மரகதம்தான். புதனுக்கு உகந்தது. வெளிச்சம் ஊடுருவ வேண்டும். உள்ளே கீறல் தெரிந்தால் தோஷம். அந்த நினைப்போடு நியூசிலாந்தின் மேற்குக் கரையில், ஹோகிடிகா என்ற சிற்றூரின் பட்டறைக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டியில் இருந்தவையோ பாசி பிடித்த குளத்துப் படிபோல மங்கிய பச்சை. இதற்கா இத்தனை விலை என்றிருந்தது.

கிறைஸ்ட்சர்ச்சில் குடியிருக்கும் அக்கா, தச்சர் வாய்ச்சி வடிவில் செதுக்கிய பதக்கம் ஒன்றை எடுத்துவிட்டாள். "யாருக்கு?" என்று கேட்டார் கல் செதுக்கும் மாவோரிப் பெரியவர். "எனக்குத்தான்." பவுனாமு என்னும் இந்தக் கல்லைத் தனக்குத் தானே வாங்காமல், இன்னொருவர் கையால் பெறுவதே தங்கள் வழக்கம் என்றார். விற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனாலும் அக்கா பதக்கத்தை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

கடற்கரையில் சண்டை பிடித்துக்கொண்டோம்.

"காசு குடுக்கிறது நான். யாருக்குன்னு அவருக்கு எதுக்குடி?"

"அவங்க வழக்கத்தைச் சொன்னாரு. அதுக்குப் போய் ஏன்க்கா இவ்வளவு கோபம்?"

"குடுக்க யாரு இருக்கா? இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாச்சு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளை அங்கேயே விட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினேன்.

பெரியவர் மெல்லிய வில்லை ஒன்றை நனைத்து, பின்னால் டார்ச் அடித்தார். மங்கல் போய் இளந்தளிர்ப் பச்சை எழுந்தது. இது ஜேடு வகையில் நெப்ரைட். கடினத்தில் மரகதத்துக்குக் கீழே: மோஸ் அளவில் மரகதம் 7.5 முதல் 8, இது 6 முதல் 6.5. ஆனால் மரகதம் ஓங்கி ஓர் அடி பட்டால் தெறித்துவிடும். நெப்ரைட்டில் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் லேசில் உடையாது. உலோகம் அறியாத காலத்தில் மாவோரிகள் வாய்ச்சி, உளி, போரில் ஏந்தும் 'மேரே' என்னும் குறுந்தடி எல்லாம் இதில் செய்தார்கள். மணற்கல்லால், மணலும் நீரும் விட்டு, மாதக்கணக்கில் தேய்த்து அறுப்பார்களாம். கழுத்தில் அணியும் 'ஹெய் டிக்கி' உருவங்கள் தலைமுறை தாண்டிக் கைமாறும்.

அரசின் கையில் இருந்த இந்தக் கல், 1997-இல் வந்த சட்டத்தால் தென்தீவின் நை தாஹு மாவோரிகளுக்கு மீண்டும் உரிமையானது. இங்கே கடற்கரையில் கிடைப்பதை யாரும் ஒரு நாளைக்குத் தன்னால் தூக்க முடிந்த அளவு எடுத்துக்கொள்ளலாம்; ஆறுகளில் கை வைக்கக்கூடாது. அந்தத் தாராளமும் அந்தக் கண்டிப்பும் எனக்கு ஒருசேரப் பிடித்துப்போயின. அந்த மண்ணின் கல்லுக்கு வழக்கம் சொல்ல அவர்களுக்கு இல்லாத உரிமையா?

அக்கா எடுத்த பதக்கத்தையே வாங்கினேன். "அக்காவுக்கு" என்றதும், பெரியவர் அதைத் தன் உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருந்து பிறகு தந்தார்.

கரையில், ஒதுங்கிக் கிடந்த மரத்தின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். கயிற்றை நானே அவள் கழுத்தில் கட்டினேன். கோபம் முழுக்கத் தணியவில்லை.

"குளிக்கும்போது கழட்டணுமா? கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டு வர இருவருமாகப் பட்டறைக்கு நடந்தோம்.